24 கடல் மைல் விதி: அறுகம் விரிகுடா, கொட்டியாரக்குடா, வங்காள விரிகுடா

கேள்வி: கல்லடி ஆசிரியர்

உயர்தர மாணவர்களுக்குக் கடல் எல்லைகள் பற்றிப் பாடம் எடுக்கும்போது, வாயின் அகலம் 24 கடல் மைலுக்கு உட்பட்ட எந்தக் குடாவும் கரையோர நாட்டின் உள்நாட்டு நீராக, அதாவது அதன் நிலத்தைப் போலவே முழு அதிகாரத்துக்கு உட்பட்ட நீராகக் கொள்ளப்படும் என்று இதுவரை சொல்லி வந்தேன். பொத்துவிலில் இருந்து வரும் மாணவி ஒருவர், அப்படியானால் அறுகம் விரிகுடாவும் சட்டப்படி மட்டக்களப்பு வாவியைப் போன்ற உள்நாட்டு நீர்தானா என்று கேட்டார். வங்காள விரிகுடாவுக்கு இவ்விதி ஏன் பொருந்தாது என்பது அவருடைய அடுத்த கேள்வி. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட சமவாயம் இதில் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் 1: வாவிக்கரையோன்

ஐயா, 24 கடல் மைல் என்பது இரண்டாவது சோதனை. அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. பாடக்குறிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது அதுதான். சமவாயத்தின் 10ஆவது உறுப்புரை, கரையில் உள்ள வெறும் வளைவு ஒன்றைக் குடாவாக ஏற்பதில்லை. வளைவின் இரு இயற்கை முனைகளையும் இணைத்து ஒரு கோடு வரைந்து, அக்கோட்டை விட்டமாகக் கொண்ட அரைவட்டத்தின் பரப்பைக் கணக்கிட வேண்டும். உள்ளே அடங்கியுள்ள நீரின் பரப்பு அந்த அரைவட்டத்தின் பரப்புக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால்தான் அது சட்டத்தின் பார்வையில் குடா ஆகும். உள்ளே இருக்கும் தீவுகளும் நீர்ப்பரப்பாகவே கணக்கில் சேரும்.

மாணவர்களுக்கு இதை எண்களில் காட்டலாம். வாயின் அகலம் 4 கிலோமீற்றர் என்றால் அரைவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 6.3 சதுர கிலோமீற்றர். உள்வளைவு செவ்வக வடிவில் இருந்தால் அது நிலத்துக்குள் 1.6 கிலோமீற்றர் வரை சென்றாலே போதும். முக்கோணம்போல ஒடுங்கிச் சென்றால் 3 கிலோமீற்றருக்கும் மேல் செல்ல வேண்டும். ஆகவே பிறைபோல மெல்ல வளையும் கரைகள் தேறுவது அரிது. அறுகம் விரிகுடா தேறாது என்பதே என் கணிப்பு. திருகோணமலையின் கொட்டியாரக்குடா நிலத்துக்குள் நன்றாக ஊடுருவியிருப்பதாலும், அதன் வாய் 24 கடல் மைலுக்குள் தாராளமாக அடங்குவதாலும் தேறும். தேறியபின், இரு முனைகளையும் இணைத்து வாயை மூடும் அந்தக் கோட்டுக்கு (மூடுகோடு) உட்புறமுள்ளது உள்நாட்டு நீர். நாட்டின் இறைமைக்கு உட்பட்ட வெளிக் கடற்பட்டையான 12 கடல் மைல் ஆட்புலக் கடல் அக்கோட்டிலிருந்தே வெளிநோக்கி அளக்கப்படும். வாய் 24 கடல் மைலை விஞ்சினால் குடா முழுவதையும் மூட முடியாது. ஆனாலும் உட்புறத்தில் 24 கடல் மைல் நீளமுள்ள கோடு ஒன்றை, இயன்ற அளவு அதிக நீரை அடக்கும் வகையில் வரைந்துகொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

பதில் 2: பொத்துவில் வாசகர்

நன்றி. எனினும் எங்கள் ஊர் மீனவர்கள் இதைப் படித்தால், "குடா இல்லை என்றால் வெளிநாட்டுப் படகு வந்து வலை போடலாமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

பதில் 3: வாவிக்கரையோன்

முடியாது. சோதனையில் தேறாவிட்டாலும் அறுகம் விரிகுடா கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் அடங்கும் ஆட்புலக் கடல்தான். அங்கும் இறைமை இலங்கைக்கே உரியது. உள்நாட்டு நீருக்குள் அன்னியக் கப்பல் அனுமதியின்றி நுழையும் உரிமை பொதுவாகக் கிடையாது. ஆட்புலக் கடலிலோ தீங்கற்ற முறையில் கடந்து செல்லும் உரிமை அதற்கு உண்டு. கடந்து செல்லும்போது மீன்பிடித்தால் அப்பயணம் தீங்கற்றதாகக் கருதப்படாது என்று 19ஆவது உறுப்புரை வெளிப்படையாகவே சொல்கிறது. எனவே நம் பக்கத்துச் சிறு வளைவுகளைப் பொறுத்தவரை உரிமை யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. அளவை எங்கிருந்து தொடங்குவது, யார் கடந்து போகலாம் என்ற இரண்டு மட்டுமே இச்சோதனையால் மாறுகின்றன.

பதில் 4: கல்முனை சட்ட மாணவன்

மாணவியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 10ஆவது உறுப்புரை, கரை முழுவதும் ஒரே நாட்டுக்குச் சொந்தமான குடாக்களுக்கு மட்டுமே உரியது. இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், மியன்மார் எனப் பல நாடுகள் சூழ்ந்த வங்காள விரிகுடா, அதன் பிரமாண்டமான அகலத்தைப் பார்ப்பதற்கு முன்பே இந்த வாசலில் நின்றுவிடுகிறது. அங்கே ஒவ்வொரு நாடும் தன் கரையிலிருந்து ஆட்புலக் கடலையும், அதற்கப்பால் கடல் வளங்களின் மீது உரிமை தரும் பிரத்தியேக பொருளாதார வலயத்தையும் அளக்கிறது. ஒன்றோடொன்று மோதும் இடத்தில் ஒப்பந்தத்தாலோ தீர்ப்பாலோ எல்லை வகுக்கப்படுகிறது. பங்களாதேஷுக்கும் மியன்மாருக்கும் இடையில் சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயம் 2012இல் அவ்வாறே வகுத்தது. 2014இல் பங்களாதேஷுக்கும் இந்தியாவுக்கும் நடுவர் மன்றம் ஒன்று வகுத்தது.

வரலாற்றுக் குடா என்ற விதிவிலக்கே உண்மையில் சுவையான பகுதி. நீண்ட காலமாக ஒரு நாடு வெளிப்படையாக அதிகாரம் செலுத்தி, ஏனைய நாடுகளும் அதை ஏற்றிருந்தால், அரைவட்டமும் 24 மைலும் அங்கு கேட்கப்படுவதில்லை. பாக்கு நீரிணைப் பகுதியில் 1974ஆம் ஆண்டு இந்தியாவுடன் செய்த உடன்படிக்கை வரலாற்று நீர் என்ற இக்கருத்தையே அடியாகக் கொண்டது. மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர், ஹொண்டுராஸ், நிக்கராகுவா ஆகிய மூன்று நாடுகளின் கரைகள் சூழ்ந்த பொன்சேகா குடா, வாய் 24 கடல் மைலுக்குக் குறைவாக இருந்தும் 10ஆவது உறுப்புரைக்குள் வராது. 1992இல் சர்வதேச நீதிமன்றம் அதை மூன்று நாடுகளின் கூட்டு இறைமைக்குட்பட்ட வரலாற்று நீராகக் கண்டது. மாறாக, 1973இல் சித்ரா குடாவின் குறுக்கே ஏறத்தாழ 300 கடல் மைல் கோடு கிழித்து லிபியா முன்வைத்த உரிமைகோரலை அமெரிக்கா உட்படப் பல நாடுகள் ஏற்கவில்லை. எதிர்ப்பைச் சந்தித்த இத்தகைய கோரிக்கையை வரலாற்று உரிமை என்று அழைப்பது கடினம் என்பது என் கருத்து.

பதில் 5: கல்லடி ஆசிரியர்

மிக்க நன்றி. அறுகம் விரிகுடாவின் வரைபடத்தை வகுப்பில் கொடுத்து மாணவர்களையே அரைவட்டம் வரையச் செய்யலாம் என்று எண்ணுகிறேன். இயற்கை முனைகள் எவை என்பதைச் சமவாயம் வரையறுத்திருக்கிறதா?

பதில் 6: வாவிக்கரையோன்

வரையறுக்கவில்லை, ஐயா. கரை தெளிவாக முறிந்து உள்ளே திரும்பும் புள்ளியைத் தேடச் சொல்லுங்கள். மாணவர்கள் வெவ்வேறு முனைகளைத் தெரிவுசெய்து வெவ்வேறு விடைகளுடன் வந்தால், அவர்களைத் திருத்துவதற்கு முன் காரணத்தை எழுதச் சொல்லுங்கள்.