மோட்டார் கொட்டகைக்கு ஒரு கோம்பை

குழு: மன்னார்குடி வீடு

சின்ன மாமா: போர்செட் ஒயரை மறுபடியும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குறுவை நடவு நேரம் பார்த்துத்தான் வருகிறான்கள். காவலுக்குக் கோம்பை நாய்க்குட்டி ஒன்று சொல்லியிருக்கிறேன். தேனியில் ஒருவர் தருகிறார். முப்பது நாள் குட்டி.

பெரியம்மா: கோம்பையா? வேண்டாம் தம்பி. கடிக்கிறது அதன் ரத்தத்திலேயே ஊறினது. லீவுக்குப் பிள்ளைகள் வரும்.

ராஜா: வளர்ப்புதான் எல்லாம் பெரியம்மா. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை ஆபத்தானவை என்று தடுக்கச் சொன்னதே, அதில்கூடக் கோம்பை இல்லை. அந்த உத்தரவையும் அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

பெரியம்மா: கோர்ட்டு ரத்து செய்தால் நாய் கடிக்காதா?

கயல்: 😂 பெரியம்மா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ரஷ்யாவில் 1959-இல் ஒரு நரிப் பண்ணையில் சோதனை தொடங்கினார்கள். ஆளைக் கண்டு சீறாத நரிகளை மட்டும் இணை சேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் குட்டிகள் பிறந்தன. சீறுவதையே சேர்த்த இன்னொரு வரிசையில் கூண்டுப் பக்கம் கை வைக்க முடியவில்லை.

பெரியம்மா: நான் சொன்னேனா இல்லையா!

கயல்: இருங்கள். அங்கே பார்த்தது தாய் தகப்பனின் குணத்தை. இனத்தின் பெயரை இல்லை. 2022-இல் அமெரிக்காவில் 18,000 நாய்களுக்கு மேல் விவரம் வாங்கிப் பார்த்ததில், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். அதனால் மாமா, கோம்பையா என்று கேட்பதைவிட அதன் தாய் எப்படி என்று கேளுங்கள்.

சின்ன மாமா: ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதுதான் பாடமா பாப்பா?

கயல்: இதுவும்தான் மாமா. முப்பது நாளில் பிரிக்கவே கூடாது. எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும். கூடப்பிறந்ததோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்ளும். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை எதையெல்லாம் பார்க்கிறதோ அதற்கெல்லாம் பயம் விட்டுப்போகும். பிள்ளைகள், டிராக்டர், குடை பிடித்து வருபவர், எல்லாவற்றையும் அப்போதே காட்டிவிட வேண்டும். கொட்டகையில் தனியாகச் சங்கிலி போட்டு வைத்தால் எந்த நாயும் கெட்டுப்போகும்.

சின்ன மாமா: வருகிறவனுக்கெல்லாம் வாலாட்டுகிற நாய் எனக்கு எதற்கு?

கயல்: குரைத்தால் போதாதா? ஒயர் அறுக்கிறவன் ராத்திரி சத்தம் கேட்டாலே ஓடுவான். கடிக்கிற நாயாக வளர்த்தால் அது பகலில் நாற்று நட வருகிறவர்களைத்தான் கடிக்கும்.

பெரியம்மா: அதுதான் நடக்கும். அப்புறம் நடவுக்கு ஒருத்தி வரமாட்டாள்.

ராஜா: ஊசி செலவும் உங்கள் தலையில் மாமா.

சின்ன மாமா: சரி சரி. இன்னும் நாலு வாரம் தாயிடமே விடச் சொன்னேன். தீனிக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்.

ராஜா: கொடுங்கள். ஒயர் விலையில் அது எந்த மூலைக்கு!

சின்ன மாமா: தாய் நாய் வீடியோ அனுப்பியிருக்கிறார். பாருங்கள், எவ்வளவு சாது.

கயல்: கட்டிப்போட்டு, பக்கத்தில் அவரே நிற்கிறார் மாமா. அவிழ்த்துவிட்டு, வெளி ஆள் ஒருவர் உள்ளே வரும்போது எடுக்கச் சொல்லுங்கள்.