விழுந்தாலும் பரவாயில்லை என்று வண்டி பழகினவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கீரனூர்க்காரி:

ரிஸ்க் எடுத்தால்தான் முன்னேற முடியும் என்று பேசுகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டவன், கம்பெனி தொடங்கியவன் கதையைத்தான் சொல்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்த பெரிய ரிஸ்க், என் அம்மா சைக்கிளில் ஏறியது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது அம்மாவுக்கு நானும் தம்பியும் பிறந்துவிட்டோம். எழுதப் படிக்க வரும் பெண்கள் சைக்கிளும் பழக வேண்டும் என்று அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னால் நின்றார். காரணம் இருந்தது. பாடம் நடத்தப் போகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள், பஸ்ஸை நம்பி எந்த ஊருக்குப் போவது? மாவட்டம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்போது சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் அவ்வளவு பேருக்குக் கிடைக்காது, அதனால் பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே பழகினார்கள்.

எங்கள் ஊரில் இருட்டுகிற நேரம் பார்த்துக் கண்மாய்க் கரைக்குப் போவார்கள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி ஏற, ஒருத்தி கேரியரைப் பிடிக்க, இன்னொருத்தி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட, மூன்று பேரும் சேர்ந்து சரிவார்கள். முட்டி தேய்ந்ததைப் பற்றி அம்மா இன்று வரை பெரிதாகச் சொன்னதில்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து வந்த பேச்சைத்தான் சொல்வார், அதையும் முழுசாகச் சொல்ல மாட்டார், "அசிங்கமாப் பேசுவானுங்க" என்பதோடு நிறுத்திவிடுவார். புண் ஆறிவிடும், நாலு பேர் பார்க்க விழுந்துவிட்டு மறுநாள் அதே தெருவில் எப்படி நடப்பது என்பதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது.

பழகின பிறகு முன்பாரில் துண்டைச் சுற்றித் தம்பியை உட்காரவைத்து, கேரியரில் கடலை மூட்டையைக் கட்டிக்கொண்டு தானே சந்தைக்குக் கிளம்பினார். முன்பெல்லாம் கடைசி பஸ் போய்விடுமே என்று கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருவார், இப்போது விலை படியவில்லை என்றால் மூட்டையைத் திரும்பக் கட்டிவிடுவார். பிள்ளையை உட்காரவைக்க பார் வேண்டும் என்று, லேடீஸ் சைக்கிள் கிடைத்த பிறகும் அவர் மாறவில்லை. 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனது பெரிய செய்தி. அம்மா போகவில்லை, அன்றைக்கு வயலில் ஆள் வேலை.

சைக்கிளோ ஸ்கூட்டியோ காரோ, எதுவானாலும் எழுதுங்கள்.

எல்போர்டு:

அக்கா, அந்த டீக்கடை பெஞ்சு அம்பத்தூரிலும் உண்டு, பெயர்தான் அபார்ட்மென்ட் பால்கனி. நான் நாற்பதைத் தாண்டித்தான் ஸ்கூட்டர் பழகினேன். வீட்டுக்காரர் ஓட்டுவார், மகன் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்து பையைப் பிடித்துக்கொள்வேன், இதுதான் இருபது வருடமாக ஏற்பாடு.

விழுகிறோம் என்று தெரிந்தவுடன் கை தானாக இறுகும், இறுகினால் ஆக்சிலேட்டர் முறுகும், வண்டி பாயும். பிரேக் என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டு போட வேண்டும் என்பது தெரியுமல்லவா, காலைக் கீழே ஊன்றினால் போச்சு. தரையில் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்தேன் என்றால் கோட்டுக்கு மேலேயே போய் நிற்பேன். சொல்லிக்கொடுத்த பெண் என் மகள் வயதுதான் இருப்பாள், "ஆன்ட்டி, சக்கரத்தைப் பார்க்காதீங்க, அடுத்து எங்க போகணுமோ அங்க பாருங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனாள். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி போனால் வளைவில் வண்டி நமக்குக் கட்டுப்படும். இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் எட்டு வந்தது.

ஆபீஸ் மீட்டிங்கில் நான் வாயைத் திறந்து பேச ஆரம்பித்ததும் அந்த வருடம்தான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் கட்சி. வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வதில்லை.

கால்டாக்ஸி:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். துணிந்து இறங்கு, துணிந்து இறங்கு என்று உசுப்பேற்றுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன் சொந்த வண்டி எடுத்தேன், அது ரிஸ்க்தான், ஆனால் சில மாதத் தவணைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு எடுத்தேன். கூட ஓட்டின நண்பர் அதே சமயம் வீட்டு நகையை வைத்து ஒரே நேரத்தில் இரண்டு வண்டி எடுத்தார். சவாரி குறைந்த முதல் மழைக்காலத்திலேயே ஒன்றை ஃபைனான்ஸ்காரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என்னைவிட அவருக்குத்தான் துணிச்சல் அதிகம், அதில் சந்தேகமே இல்லை.

கண்மாய்க் கரையில் விழுந்தால் முட்டி தேயும். கடனில் விழுந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் மாற வேண்டிவரும். ஹெல்மெட் போடாமல் ஹைவேயில் பறப்பதும் ரிஸ்க்தான், அதில் எவன் வளர்ந்தான்?

கீரனூர்க்காரி:

நியாயம்தான் அண்ணே. அம்மாவும் முதலில் இரவல் சைக்கிளில்தான் பழகினார், சொந்தமாக வாங்கியது நன்றாக ஓட்ட வந்த பிறகு.

குரங்குபெடல்:

வாடகை சைக்கிள் எடுத்து அரை மணி நேரத்துக்குள் பழகியாக வேண்டும் என்ற நெருக்கடியில் கற்றவன் நான். காலைப் பாருக்கு அடியில் விட்டு ஓட்டிய தலைமுறை, சீட்டில் உட்கார்ந்தே பழகுகிறவர்களுக்கு அந்த வலி புரியாது. மற்றபடி அண்ணன் சொன்னதற்கு ஒரு ஓட்டு.

நாஞ்சில் ஹெவி:

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ல் அரசு பஸ் டிரைவர் ஆனவர், ஆசியாவிலேயே முதல் பெண் பஸ் டிரைவர் என்று அவரைச் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால் பெண் பஸ் ஓட்டுவது எனக்கு அதிசயமாகத் தெரியவில்லை, ஆனால் நான் ஓட்டுகிறேன் என்றதும் வீட்டில் அதிசயமாகத்தான் பார்த்தார்கள்.

கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், இருபது வயது முடிந்திருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஹெவிக்கு, அதாவது பஸ், லாரி மாதிரி பெரிய வண்டிக்கு, எல்.எல்.ஆர். தருவார்கள். நான் போன வகுப்பில் மற்ற எல்லாரும் ஆண்கள், என் முறை வந்தால் மட்டும் எல்லாரும் கீழே இறங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பாதுகாப்புக்காம்!

காரில் முன் சக்கரம் நமக்கு முன்னால் இருக்கும். பஸ்ஸில் நாம் சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் திருப்பம் வந்ததும் ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது, நாம் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டோம், எதிர்ச் சுவரில் இடிக்கப்போகிறோம் என்று வயிறு கலங்குகிற வரைக்கும் நேராகப் போய்விட்டு அப்புறம்தான் ஒடிக்க வேண்டும். சீக்கிரம் ஒடித்தால் பின் சக்கரம் உள்பக்கம் ஏறிவிடும். என் உடம்பு "இப்போதே திருப்பு" என்று கத்தும், மாஸ்டர் "இன்னும் போம்மா, இன்னும் போ" என்பார். யாரை நம்புவது என்று முடிவெடுக்கத்தான் நாள் பிடித்தது. இப்போது ஒரு பள்ளி வேன் ஓட்டுகிறேன். பஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், கிடைத்தால் சொல்கிறேன்.

எல்போர்டு:

தங்கச்சி, படிக்கும்போதே எனக்கு வயிறு கலங்குகிறது. கார் லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது, எடுத்து மூன்று வருடம் ஆகிறது. ஹெவி வகுப்பு ஞாயிற்றுக்கிழமை நடத்துவார்களா? கிளட்ச் ரொம்பக் கடினமாக இருக்குமோ?

நாஞ்சில் ஹெவி:

எங்கள் ஊரில் நடத்துகிறார்கள் அக்கா, உங்கள் பக்கம் விசாரித்துப் பாருங்கள். பழைய வண்டியாக இருந்தால் கிளட்ச் கடினம்தான், முதல் வாரம் இடது முட்டி வலிக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.