குடிநீர் வந்த பிறகும் "நாளை தண்ணீர் வராது" என்ற பழைய அறிவிப்பு பரவுகிறது: என்ன செய்வது?

கேள்வி (குழாயடி)

குடிநீர் வழங்கும் பொது அலுவலகம் ஒன்றில் மக்கள் தொடர்புப் பணியில் இருக்கிறேன். பிரதானக் குழாய் பழுதுக்காக "நாளை காலை 6 மணி முதல் குடிநீர் வராது" என்ற சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து முகநூலில் படமாகப் போட்டோம். வேலை முடிந்து தண்ணீரும் விட்டாகிவிட்டது. ஆனால் மூன்றாம் நாளும் அந்தப் படம் சுற்றுகிறது. மக்கள் குடங்களை நிரப்பி வைக்கிறார்கள். பின்னூட்டங்களில் ஒரே கோபம். பதிவை நீக்கி, பின்னூட்டங்களையும் மூடச் சொல்கிறார் மேலதிகாரி. எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரிடம் என்ன காரணம் சொல்வது?

கடைசிவரி

கோளாறு "நாளை" என்ற சொல்லில் இருக்கிறது. முகநூல் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. நேற்றைய பதிவு ஒருவர் கண்ணில் இன்றுதான் படும். அவருக்கு "நாளை" என்பது வேறு நாள். கிழமை, தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் நான்கும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்புக்குப் போகும்போது படம் மட்டும்தான் போகும், மேலே நீங்கள் எழுதியது கூடப் போகாது.

நீக்காதீர்கள். படம் ஏற்கெனவே நூறு கைபேசிகளில் இருக்கிறது. நீக்கினால் உண்மையா என்று சரிபார்க்க வருபவருக்கு உங்கள் பக்கத்தில் எதுவும் இருக்காது. பதிவைத் திருத்தி முதல் வரியில் "பணி முடிந்தது, குடிநீர் வருகிறது" என்று தேதியோடு எழுதுங்கள். அதே படத்தின் மேல் "முடிந்தது" என்று பெரிதாகப் போட்டு இன்னொரு படமும் வெளியிடுங்கள். பழையது போன குழுக்களுக்கெல்லாம் அதுவும் போகட்டும்.

செவிவழி

எனக்குப் பார்வை இல்லை. ஸ்கேன் செய்த சுற்றறிக்கையைத் தொட்டால் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என் திரைவாசிப்பான் "படம்" என்பதோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் வராது என்பதை அண்டை வீட்டார் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். தயவுசெய்து முழு அறிவிப்பையும் பதிவில் எழுத்தாகவும் தாருங்கள். படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதையும் நிரப்புங்கள். எழுத்தாக இருந்தால் தேடுபவர்களுக்கும் கிடைக்கும்.

குழாயடி

இப்படி ஒரு குறை இருப்பதே எனக்குத் தோன்றவில்லை, மன்னியுங்கள். இன்றே செய்கிறேன். பின்னூட்டங்களை என்ன செய்வது?

கடைசிவரி

முதலில் எல்லாவற்றையும் படியுங்கள். கோபத்துக்கு நடுவே தெருப் பெயர்கள் இருக்கும். ஒருவருக்குப் பொதுவில் சொல்லும் பதில் அதே சந்தேகம் உள்ள எல்லாருக்கும் போய்ச் சேரும். வீட்டு முகவரி, தொலைபேசி எண் மட்டும் தனிச்செய்தியில் கேளுங்கள். வசைச்சொற்களை மறைக்கலாம், ஆனால் எதை மறைப்போம் என்ற விதியைப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். குறை சொல்வது வசையாகாது.

இன்னொன்று: கணக்கின் நுழைவு விவரம் எத்தனை பேரிடம் இருக்கிறது? 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருவதாகத் தவறான எச்சரிக்கை கைபேசிகளுக்குப் போனது. அது தவறு என்று ஆளுநருக்கு 2 நிமிடத்தில் தெரிந்தும், ட்விட்டரில் அறிவிக்க மேலும் 15 நிமிடம் ஆனது. கணக்கின் நுழைவு விவரம் தமக்குத் தெரியாமல் போனதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். விடுப்பு நாளிலும் பதிவிடக்கூடிய இருவராவது வேண்டும்.

குழாயடி

பதிவைத் திருத்தி, முழு விவரத்தையும் எழுத்தாகச் சேர்த்துவிட்டேன். பின்னூட்டங்களைப் படித்தபோது இரண்டு தெருக்களில் இன்னும் கலங்கல் நீர் வருவது தெரிந்தது. அலுவலகத்துக்கு அதுவரை எந்தப் புகாரும் வரவில்லை. பொறியாளர் ஆள் அனுப்பியிருக்கிறார். அந்தப் பின்னூட்டங்களை அச்செடுத்து மேலதிகாரி மேசையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை வரை மூட வேண்டாம் என்றார். நுழைவு விவரம் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. நாளை காலை சக ஊழியர் ஒருவரையும் சேர்க்கிறேன்.