கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

சங்ககிரி, லாரி உரிமையாளர்:

என் வண்டி 2006 மாடல். ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் டீசல் எஞ்சின். பழைய வண்டியாக வாங்கி ஒன்பது ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். சென்ற ஆண்டு புனேயில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில்தான் முதலில் கவனித்தேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. இரவு நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. வர வர ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றும் நிலைக்கு வந்துவிட்டது.

பட்டறையில் குனிந்து பார்த்ததும் "பின்பக்க கிராங்க் சீல் போய்விட்டது" என்றார்கள். கிராங்க் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம் அது. சொட்டுவது பெல் ஹவுசிங்கில்; நானும் நம்பினேன். கியர்பாக்ஸ் இறங்கியது, கிளட்ச் கழன்றது, அதன் பின்னால் இருக்கும் கனமான சக்கரம், ஃப்ளைவீல் கழன்றது, புதுச் சீல் ஏறியது. மூன்று நாள் வண்டி நின்றது. 14,000 ரூபாய் செலவு. நான்காம் நாள் லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறி, மேலே ஓரங்கட்டிப் பார்த்தால் அதே இடத்தில் அதே சொட்டு. தவணை கட்டி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த நேரத்தில் வயிறு எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்துப் போன பட்டறையில் இருந்த வயதான மெக்கானிக் வண்டிக்கு அடியில் போகவே இல்லை. "கியர்பாக்ஸ் இறக்கினபோது பக்கத்தில் இருந்தீர்களா? ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஈரம் இருந்ததா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. கிளட்ச் தூள் சாம்பல்போல் காய்ந்து படிந்திருந்தது. கையால் துடைத்துப் பார்த்தது கூட நினைவிருக்கிறது. "அப்படியானால் பழைய சீல் நன்றாகவே இருந்திருக்கிறது. ஆயில் மேலேயிருந்து வெளிப்பக்கமாக வழிந்து வருகிறது" என்றார்.

பிறகு அவர் செய்ததைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் பாலித்தீன் சுற்றி மூடினார். எஞ்சின் முழுவதையும் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, சோப்புத் தண்ணீர் அடித்து, காற்றுக் குழாயால் உலர்த்தினார். அதற்கே அரை நாள் ஆனது. உலர்ந்த பின் பனியன் துணியில் முகப்பவுடரை மூட்டையாகக் கட்டி, எஞ்சினை அணைத்த நிலையில், பிளாக் முழுவதும் தட்டித் தட்டித் தூவினார். வண்டியை முப்பது கிலோமீட்டர் ஓட்டிவரச் சொன்னார். சூடு ஏறாமல் பார்த்தால் ஒன்றும் தெரியாது, குளிர்ந்த ஆயில் கெட்டியாக நின்றுவிடும் என்றார்.

திரும்பி வந்து டார்ச்சும் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் வைத்துத் தேடினோம். எங்கும் வெள்ளை. இன்ஜெக்ஷன் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் டேப்பட் கவரின் (வால்வுகளைத் தள்ளும் பகுதியை மூடும் தகடு) கீழ் விளிம்பில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு, நூல் அளவுக்கு. அது பிளாக்கில் இறங்கி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் ஓடி, பெல் ஹவுசிங்கின் அடியில் போய்ச் சொட்டுகிறது. ஓடும் வண்டியில் காற்றும் ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும். கவரைக் கழற்றி, கவருக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் பேக்கிங்கை வளைத்தபோது அப்பளம்போல் உடைந்தது. புதுப் பேக்கிங் போட்டு ஓராண்டு ஆகிறது. அடுத்த ஆயில் மாற்றும்வரை நடுவில் ஊற்ற வேண்டியே வரவில்லை.

ஈரத்தில் எது மிக உயரத்தில், எது முன்னால் இருக்கிறதோ அங்கிருந்துதான் தேட வேண்டும். கழுவாமல் பார்ப்பவர் சொல்வதை நம்பிக் கியர்பாக்ஸை இறக்காதீர்கள்.

திருச்செங்கோடு, போர்வெல் வண்டி வைத்திருப்பவர்:

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். கசியும் இடத்தைச் சரியாகவே கண்டுபிடித்தோம்: முன்பக்க கிராங்க் சீல். மாற்றினோம். இரண்டு மாதத்தில் மறுபடி கசிந்தது, மறுபடி மாற்றினோம். மூன்றாம் முறை டேப்பட் கவர் பேக்கிங்கும் சேர்ந்து வியர்க்க ஆரம்பித்தது. ஒரே நேரத்தில் இரண்டு இடம் போகிறதென்றால் சீலின் தரம் காரணமாக இருக்காது என்று அப்போதுதான் உறைத்தது.

எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திவிட்டேன். மூடி தட்டுப்போல் ஆடியது, உள்ளிருந்து காற்று சீறியது. எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயைக் கழற்றினால் நாங்கள் போர் போடும் இடத்துப் புழுதியும் ஆயிலும் குழைந்து களிமண் மாதிரி அடைத்திருந்தது. பிஸ்டனைத் தாண்டி இறங்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லாவிட்டால் சீல் உதட்டைத் தள்ளிக்கொண்டுதான் வரும். குழாயை மாற்றி நான்காவதாகப் போட்ட சீல் இன்றும் நிற்கிறது. குழாயைச் சுத்தம் செய்த பிறகும் மூடி ஆடினால், அந்த எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; சீல் கடைக்குப் போவது வீண்.

சேலம், மெக்கானிக்:

அண்ணன் இருவரும் சொன்னது சரி. நான் தினமும் பார்ப்பதைச் சேர்க்கிறேன்.

முன் சீலைக் கழற்றியதும் கிராங்க்கின் மேல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் பழைய சீல் அங்கே பள்ளம் விழ வைத்திருக்கிறது என்று பொருள். அதன் மேல் எந்தப் புதுச் சீலும் நிற்காது. பள்ளத்தை மூடும் மெல்லிய உறையான ஸ்லீவ் ஏற்ற வேண்டும், அல்லது சீலின் உதடு கிராங்க்கின் தேயாத இடத்தில் உட்காரும்படி சீலைச் சற்று நகர்த்திப் போட வேண்டும். இன்னொன்று, டெஃப்லான் உதடு உள்ள சீலை உலர்வாகத்தான் ஏற்ற வேண்டும். பழக்கத்தில் கிரீஸ் தடவிவிட்டால் சில நாளிலேயே கசியும். கிராங்க்கிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது.

கார்க் பேக்கிங் கசிந்தால் போல்ட்டை மேலும் இறுக்குகிறார்கள். கார்க் பிதுங்கி வெடிக்கும், தகட்டுக் கவர் போல்ட்டைச் சுற்றிக் குழியும். அதன்பின் கவரைத் தட்டிச் சமன் செய்யாமல் எந்தப் பேக்கிங்கும் உட்காராது. பேக்கிங்கோடு சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளி அப்புவது அதைவிட ஆபத்து. உள்ளே பிதுங்கிய துண்டு உதிர்ந்து சேம்பரில் உள்ள சல்லடையை அடைத்தால் ஆயில் ஏறாமல் பேரிங் போய்விடும். அப்படிப் போன எஞ்சினைப் பிரித்திருக்கிறேன்.

பெல் ஹவுசிங்கில் சொட்டினால் ஒரு துளியை விரலில் எடுத்து முகர்ந்தும் பாருங்கள். கறுப்பாக, நீர்த்து இருந்தால் எஞ்சின் ஆயில். பழுப்பாக, கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில். கியர்பாக்ஸின் முன் சீலைப் பார்க்க வேண்டும்.

நாமக்கல், ஓட்டுநர்:

அண்ணா, எங்கள் வண்டியில் டர்போ பக்கம் கசிகிறது. சொட்டு விழுவதில்லை, ஆனால் மேடு ஏறும்போது எரிந்த வாடை வருகிறது. அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று). எட்டு ஆண்டு தாண்டிய வண்டி என்பதால் ஒவ்வோர் ஆண்டும் காட்ட வேண்டும். அதுவரை ஓட்டலாமா?

சேலம், மெக்கானிக்:

வேண்டாம் தம்பி. சொட்டு விழாததற்குக் காரணம், ஆயில் புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டு குழாயில் விழுந்து எரிந்துவிடுகிறது. தீப்பிடிப்பது அங்கேதான். டர்போவிலிருந்து சேம்பருக்கு இறங்கும் ரிட்டர்ன் குழாயின் பேக்கிங்கை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கை வையுங்கள். இன்று லோடு ஏற்றுவதற்கு முன் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.