சதங்கை ஆர்ர வீட்ட இருக்கு?

குழு: அம்மப்பா வளவு

தம்பி: அம்மப்பாட கூத்துச் சதங்கை ஆர்ர வீட்ட இருக்கு? சனிக்கிழம கொழும்புல எங்கட பேண்டுக்கு ரீவி ஷூட்டிங். லைவ், பிளேபேக் இல்ல. வெள்ளி ராத்திரி ரயில்.

லண்டன் சித்தி: ஆ! எந்த சனல் ராசா?

பெரியம்மா: [படம்: ரோசாப்பூ, இனிய காலை வணக்கம்]

மச்சாள்: மாமி, இப்ப பின்னேரம் அஞ்சு மணி

அம்மா: கிற்றார் அடிக்கிறவனுக்குச் சதங்கை என்னத்துக்கு?

தம்பி: கடைசிப் பாட்டுல ஆடப்போறன். இத பாருங்க [வீடியோ]

தம்பி: 2014 மார்ச் 3, அமெரிக்காவில டேவிட் லெட்டர்மன்ட ராத்திரி நிகழ்ச்சி. பால்டிமோர் பேண்ட், பேர் ஃபியூச்சர் ஐலண்ட்ஸ். 2006ல தொடங்கி சின்னச் சின்ன இடங்கள்ல வாசிச்சுத் திரிஞ்சவங்க. இந்த ஒரு பாட்டோட உலகத்துக்கே தெரிய வந்துட்டாங்க.

பெரியம்மா: இந்தப் புள்ளைக்கு என்ன வருத்தம்? நெஞ்சில அடிக்குது

அம்மா: குந்துது, மறுகா எழும்புது

சின்ன மாமா: மூண்டு தரம் பார்த்தன். சிரிக்கிறவங்க சிரிங்க. பாடுறவன்ட பேர் சாமுவேல் ஹெரிங். முழங்கால மடிச்சு, இடுப்பப் பதிச்சு, பக்கப்பாடா இழுத்து மிதிக்கிறான். மற்ற மூண்டு பேரும் நட்ட கம்பு மாதிரி நிண்டு வாசிக்கிறாங்க, அதாலதான் கண் இவன விட்டுப் போகுதில்ல. நடுவுல புலி உறுமினமாதிரி ஒரு குரல் விட்டானே, அது எங்கட வடமோடிக் கூத்துல வாற அரசன்ட குரல். ஆனா பாட்டு ஒருத்திக்காகக் காத்திருக்கிற பாட்டு, அது மற்ற வகைக் கூத்து, தென்மோடிட சரக்கு. வடமோடியில போர், தென்மோடியில காதல் எண்டு அப்பா பிரிச்சுச் சொல்லுவார். இவன் ரெண்டையும் நாலு நிமிசத்துக்குள்ள போட்டுக் கலக்கிறான்.

மச்சாள்: அப்பா உள்ளறையில இருந்து டைப் பண்ணுறார். தேத்தண்ணி ஆறிட்டு

நான்: சதங்கை ஆர்ட்ட எண்டுதான் கேள்வி மாமா

சின்ன மாமா: வாறன். மருமகன், நீ விளங்க வேண்டியது இன்னொண்டு. எங்கட களரி, கூத்தாடுற இடம், வட்டம். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தோட நடுவுல, சல்லரித் தாளம் போடுறவர் பக்கத்துல, சனம் சுத்திவர. கெமராவுக்கு ஒரு முகம்தான். அறுபதுகள்ல பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில கூத்த மேடைக்கு எடுத்தப்பவும் இதே பிரச்சினைதான். விடிய விடிய ஆடுறதச் சுருக்கணும், வட்டத்த ஒரு பக்கம் திருப்பணும். மௌனகுரு சேர் அப்ப அங்க படிச்ச பெடியன், இராவணனா ஆடினவர். அதுக்கெல்லாம் மாசக்கணக்கில பழகணும். சட்டம் கொடுத்து, அதுதான் ஆளாளுக்கு அவங்கட பாட்ட எழுதிக் கொடுத்து, சதங்கை அணிஞ்சு, பிறகுதான் அரங்கேற்றம். நீ சனிக்கிழமைக்கு

பெரியம்மா: மாசக்கணக்கில பழகின ஆள்தானே அரங்கேற்றத்தண்டு களரியில விழுந்தது

அம்மா: ஹாஹா. கிரீடம் உருண்டு போய் ஆச்சிட மடியில நிண்டுச்சு

சின்ன மாமா: மழை பெய்ஞ்ச மண் அது

லண்டன் சித்தி: அந்தக் கிரீடம் இப்ப எங்க?

அம்மா: 78 சூறாவளியில கூரையோட போயிட்டு. ரங்குப்பெட்டிக்குள்ள கிடந்த சதங்கைதான் மிஞ்சினது

பெரியம்மா: தம்பி கொழும்புக்குப் போறாய்தானே, வெள்ளவத்தை அக்காக்கு நாலு முட்டித் தயிர் கொண்டு போ. எருமைத் தயிர் இல்லாம அவ சோறு தின்ன மாட்டா

தம்பி: பெரியம்மா, எங்களுக்கு ட்ரம் செட்டே இருக்கு

பெரியம்மா: ட்ரம்முக்குள்ள வை

மச்சாள்: 😂

அம்மா: ரெண்டு போதும்கா. போன முறை ஒண்டு உடைஞ்சு ரயில் பெட்டியே நாறினது

பெரியம்மா: அது உன்ட மாப்பிள்ளை காலால தட்டினது

நான்: சதங்கை??

பெரிய மாமா: என்னட்ட.

லண்டன் சித்தி: அண்ணன் பேசுறார்!

பெரிய மாமா: ஒரு காலுக்குத்தான் இருக்கு. மற்றக் கால் சதங்கை வாத்தியார்ர வீட்ட. வேலியப் பங்கு போட்டவர், சதங்கையயும் பங்கு போட்டுட்டார்.

அம்மா: ஐயோ, இப்ப வேலிக் கதை வேணாம்

சின்ன மாமா: அளந்தது சர்வேயர். நான் இல்ல.

மச்சாள்: அப்பா, அலுமாரிக்கு மேல பிஸ்கட் டின்னுக்குள்ள கிடக்குறதா? [படம்]

மச்சாள்: தோல் வார் செத்துட்டு. மணி மூண்டு கழண்டு கிடக்கு. குலுக்கினா இன்னும் நல்ல சத்தம்

தம்பி: சின்ன மாமா, இவ்வளவு நேரமும் வச்சுக்கொண்டா

சின்ன மாமா: நான் இல்லெண்டு சொன்னனா? ஆட்டம் விளங்காதவனுக்குக் கொடுக்கேலா. நாளைக்குப் பின்னேரம் வா, களரிக்குள்ள வரேக்க ஆடுற வரவு மிதி ஒண்டு சொல்லித் தாறன். அந்த ஒண்ட ஒழுங்கா ஆடினாக் காணும்.

பெரிய மாமா: என்னட்ட இருக்கிறத நான் தருவன். ஆனா கேக்க வேண்டிய ஆள் வந்து கேக்கட்டும்.

தம்பி: நான்தான் கேக்கிறன் மாமா

பெரிய மாமா: நீ இல்ல.

(சின்ன மாமா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

(சின்ன மாமா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

அம்மா: தம்பி, ஒரு கால்ல மட்டும் கட்டி ஆடேலாதா? அந்த வெள்ளைக்காரப் புள்ள ஒண்டுமே கட்டல்லியே

தம்பி: அம்மா!!

சின்ன மாமா: அண்ணன் நாளைக்கு எத்தின மணிக்கு வீட்ட நிப்பார் எண்டு ஆரும் கேட்டுச் சொல்லுங்க

மச்சாள்: அப்பா, அவரும் இந்தக் குழுவுலதான் இருக்கிறார்

பெரியம்மா: மூண்டு முட்டி. அதுக்குக் குறைய ஏலா

லண்டன் சித்தி: எந்த சனல் எண்டு இன்னும் ஆரும் சொல்லல்ல