அச்சு ஹெட்டைச் சூடாக்குவதற்குக் காப்புரிமை செல்லுமா?

செங்கோட்டை அச்சகத்தார்:
ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரை வீசும்போது, காலை ஏழு மணிக்கு ஓட்டும் முதல் ஃப்ளெக்ஸ் பேனரில் சிவப்பு வெளிறி, குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழும். குளிரில் இங்க் கெட்டியாகி, ஹெட் உமிழும் துளி சிறுத்துவிடுவதே காரணம். இதற்காக உள்ளூர்ப் பட்டறை ஒன்று, ஹெட்டின் பக்கவாட்டில் ஒட்டும் ஹீட்டர் தகட்டையும் வெப்ப உணரியையும் சேர்த்து எங்களுக்குச் செய்து தந்தது. அந்தப் பட்டறைக்கு இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஹெட்டின் வெப்பத்தை அளந்து, குறைந்தால் சூடேற்றும் முறை தங்கள் காப்புரிமை என்கிறார்கள் நோட்டீஸ் அனுப்பியவர்கள். மார்கழியில் உறைந்த தேங்காயெண்ணெயை வெயிலில் வைத்து இளக்குபவர்கள் நாம். சூட்டில் இளகும் என்பதை ஒருவர் எப்படித் தம் சொத்தாக்கிக்கொள்ள முடியும்?

கஞ்சிக்கோடு பொறியாளர்:
அண்ணாச்சி, இயற்கை விதிக்கு யாரும் காப்புரிமை பெற முடியாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவே அதைத் தடுக்கிறது. ஆனால் அந்த விதியைப் பயன்படுத்தும் புதிய வழிக்குப் பெறலாம். வெப்ப வகை ஹெட்டில் நுண்ணிய மின்தடை ஒன்று, சில மைக்ரோ நொடிகளில் இங்க்கை ஏறத்தாழ 300 டிகிரிக்குச் சூடாக்குகிறது. எழும் குமிழி துளியை வெளியே தள்ளுகிறது. எஞ்சிய சூடு சிலிக்கானில் தேங்குவதால், படம் நிறைந்த பக்கத்தில் மேல்பகுதியைவிடக் கீழ்ப்பகுதி அடர்ந்துவிடும். குளிர்ந்த ஹெட்டையோ, தனி ஹீட்டர் எதுவும் வைக்காமல், துளி வெளியேறாத அளவுக்குச் சுருக்கிய மின்துடிப்பை அதே மின்தடைக்குக் கொடுத்து வெதுவெதுப்பாக்குகிறார்கள். இதை எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒப்பிடுவது அந்த உழைப்புக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

செங்கோட்டை அச்சகத்தார்:
தம்பி, அந்த உழைப்பை நான் மறுக்கவில்லை. எங்கள் இயந்திரத்தில் இருப்பது பீசோ ஹெட்; அதில் குமிழியே கிடையாது, மின்னழுத்தத்தில் நெளியும் படிகம்தான் இங்க்கைத் தள்ளுகிறது. நீங்கள் சொல்லும் துடிப்பு எங்கள் தகட்டில் எங்கே இருக்கிறது?

களியக்காவிளை வழக்கறிஞர்:
நீங்கள் இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறீர்கள். காப்புரிமை செல்லுமா என்பது ஒன்று. பட்டறை அதை மீறியதா என்பது வேறு. உரிமைகோரலில், அதாவது எது தங்களுக்கு உரியது என்று காப்புரிமை ஆவணம் வரையறுக்கும் பகுதியில், எழுதிய கூறுகள் எல்லாம் உங்கள் கருவியில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கஞ்சிக்கோடு பொறியாளர்:
அது சரிதான். ஆனால் முதல் உரிமைகோரலில் ‘சூடேற்றும் ஏதேனும் ஒரு சாதனம்’ என்று அகலமாக எழுதியிருந்தால், தகடும் அதற்குள் வந்துவிடும், அண்ணாச்சி.

செங்கோட்டை அச்சகத்தார்:
அவ்வளவு அகலமாக எழுதியிருந்தால், அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே பிறர் பொருத்திய ஹீட்டரும் அதற்குள் வந்துவிடுமே. பிறகு அது புதியது என்று எப்படிச் சொல்வார்கள்? 64ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் அதை ரத்துச் செய்யக் கேட்க அதுவே போதும். நாங்கள் விற்றுவிட்ட பழைய இயந்திரத்தின் சர்வீஸ் கையேட்டில் ஹெட் ஹீட்டரின் படம், அச்சிட்ட ஆண்டோடு இருந்தது நினைவிருக்கிறது. பரணில் தேடி எடுத்து, இன்று மாலையே பட்டறைக்காரரிடம் கொடுக்கிறேன்.