அன்டிபொடி காலைவாரிய கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

நிலாவெளிக்காரன்:

சொந்த ஊர் நிலாவெளி. வேலை ஐரோப்பாவில் ஒரு ஆய்வுகூடத்தில், புழுக்களோடு. லீவில் வந்தபோது சித்தி கேட்டா, "அங்க என்னடா செய்யிறாய்?" "புழுவின்ர சினைக்கு நிறம் போடுறன்" என்றேன். இதுக்கா இவ்வளவு படிச்சாய் என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மீன் கழுவப் போய்விட்டா. சித்திக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

சீ. எலிகன்ஸ் ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு, கண்ணாடி போல உடம்பு. அதன் கரு பிரியத் தொடங்கும்போது பீ துகள்கள் என்ற சின்னச் சின்னத் துகள்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரே ஒரு மகட்கலத்துக்குள் போய்ச் சேரும். அந்தக் கலத்தின் வம்சம்தான் பின்னாளில் சூலும் விந்தும் ஆகும் மூலவுயிர்க் கலங்கள். துகளில் உள்ள பீஜீஎல்-1 என்ற புரதத்தைப் பிடிக்கும் மொனோகுளோனல் அன்டிபொடியின் (ஒரே குறியை மட்டும் தேடிப் பிடிக்க, எல்லாம் ஒரே மாதிரியாகச் செய்த புரதம்) பெயர் கே76. 1986இல் தொடங்கி இப்போது அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஹைபிரிடோமா (அன்டிபொடி சுரக்கும் கலங்கள்) வங்கியில் வாங்கலாம். இலாபம் பார்க்காத இடம், விலை மலிவு.

புழுக்களைக் கண்ணாடித் தட்டில் வைத்து, மேலே மெல்லிய மூடியை அழுத்தி, உறையவைத்து, மூடியை 'டக்' என்று கிளப்ப வேண்டும். அப்போதுதான் தோல் பிய்ந்து அன்டிபொடி உள்ளே போகும். பிறகு குளிர்ந்த மெதனோல், கழுவல், கே76, ஓர் இரவு காத்திருப்பு, கே76இல் ஒட்டிப் பச்சையாக ஒளிரவேண்டிய இரண்டாம் அன்டிபொடி. எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். கலங்களின் உட்கரு நீலச் சாயத்தில் அழகாகத் தெரிந்தது. பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. மூன்று கிழமை இதே கதை. மெதனோலை மாற்றினேன், நேரத்தைக் கூட்டினேன், புழுவைத் திட்டினேன். கடைசியில் ஒரு நாள் குழாயோடு வந்த தாளை ஆறுதலாக வாசித்தால், கே76 ஐஜீஎம் என்ற அன்டிபொடி வகை என்று இருக்கிறது! நான் ஊற்றிய இரண்டாம் அன்டிபொடியோ ஐஜீஜி என்ற வேறு வகையின் வால்பகுதியை மட்டும் பிடிப்பது. ஐஜீஎம்மைக் கண்டால் அது திரும்பியும் பாராது.

உப்புவெளி அக்கா:

தம்பி, இரத்தம் சோதிக்கும் எங்களிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம். இரத்த வகை பார்க்கும் மருந்து தெரியும்தானே, அன்டி-ஏ நீலம், அன்டி-பி மஞ்சள். இப்போது வருபவை மொனோகுளோனல், ஐஜீஎம். ஐஜீஎம்முக்குப் பத்துக் கை, அதனால் ஓட்டில் ஒரு துளி இரத்தம் விட்டுக் கலக்கினால் கலங்களை எட்டிப் பிடித்துக் கட்டியாக்கிவிடும். இரண்டு கை ஐஜீஜிக்கு அது லேசில் முடியாது. வகை பார்க்காமல் நாங்கள் போத்தலைத் திறப்பதே இல்லை.

என் கதை வேறு. ஆய்வுகூட வேலையில் சேர்ந்த புதிதில், நான் இருந்த இடத்துக் குளிர்சாதனப் பெட்டி பழசு. பின்சுவரில் ஒட்டியிருந்த போத்தல்கள் இரவில் உறைந்து பகலில் கரைந்திருக்கின்றன, ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு காலை, நிச்சயமாக ஏ என்று தெரிந்த இரத்தத்தை வைத்துச் சோதித்தால் கட்டி சோம்பேறித்தனமாக வருகிறது. ஐஜீஎம் உறைவதை விரும்பாது, கைகள் ஒன்றோடொன்று ஒட்டி வீணாகிவிடும். திருகோணமலையில் கரண்ட் போனால் சூட்டுக்குப் பயப்படுகிறோம், உண்மையில் என்னைக் கவிழ்த்தது குளிர். அந்தப் பெட்டியில் இருந்த மருந்து முழுவதையும் எறிந்தோம். நோயாளி எவருடைய இரத்தத்தையும் அதில் பார்க்கவில்லை என்பதுதான் நிம்மதி.

கந்தளாய்ப் பெடியன்:

அண்ணா, உங்களுக்கு ஒன்றும் ஒளிரவில்லை. எனக்கு எல்லாமே ஒளிர்ந்தது, அது இன்னும் மோசம்.

இறுதியாண்டு ஆய்வுக்குக் கந்தளாய்க் குளத்துத் திலாப்பியா. மூலவுயிர்க் கலத்தை அடையாளம் காட்டும் புரதம் வாசா. பழ ஈயில் கண்டுபிடித்து, அழிந்துபோன ஒரு சுவீடன் அரச வம்சத்தின் பெயரை வைத்தார்களாம். அந்த ஜீன் கெட்ட தாய் ஈயின் வம்சமும் தொடராது, பொருத்தமான குசும்பு. மனித வாசாவுக்கென்று செய்த மொனோகுளோனல் மிச்சமாக ஒருவரிடம் கிடைத்தது, புரதம் எல்லா விலங்கிலும் ஒரே மாதிரித்தானே என்று போட்டேன். சூலகம் முழுக்கப் பச்சை! படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன்.

மேற்பார்வையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "முதல் அன்டிபொடி போடாத தட்டு எங்கே?" செய்து பார்த்தேன். அதுவும் அதே பச்சை. மஞ்சட்கரு தானாகவே ஒளிர்கிறது, குருதிக் கலமும் அப்படியே. மொனோகுளோனல் பிடிப்பது புரதத்தில் சில அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டை மட்டும். மீனில் அந்தத் துண்டு மாறியிருந்தால் முழுப் புரதம் எவ்வளவு ஒத்திருந்தும் பயனில்லை. மாறாமல் இருந்தாலும் தலையிடிதான். வாசா பெரிய குடும்பம், அண்ணன் தம்பிப் புரதங்களிலும் அதே துண்டு இருக்கலாம். பிறகு மீனின் வாசாவுக்கே செய்த, பல துண்டுகளைப் பிடிக்கும் பொலிகுளோனலுக்கு மாறினேன். ஆறு மாதம் போச்சு.

நிலாவெளிக்காரன்:

தம்பி, வெறும் தட்டு ஒளிர்ந்ததற்கு வெட்கப்படாதே. 1982இல் ஸ்ட்ரோம், வுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பீ துகள்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது, முயலில் செய்த இரண்டாம் அன்டிபொடிதான் தானாகப் போய் அந்தத் துகள்களில் ஒட்டியிருந்தது. வித்தியாசம் என்னவென்றால், ஏன் ஒளிர்கிறது என்று அவர்கள் விடாமல் தேடினார்கள். மொனோகுளோனல்கள் பிறகுதான் வந்தன.

இப்போது நான் ஜீஎல்பீ-4 என்ற விகாரப் புழுவையும் பக்கத்தில் வைக்கிறேன். 25 பாகையில் வளர்த்தால் அதற்கு மூலவுயிர்க் கலங்கள் அநேகமாக வராது, ஆகவே அங்கே பச்சை தெரிந்தால் பொய். எங்கள் ஊரில் ஏசி இல்லாமல் வளர்த்தால் அந்தப் புழுவுக்குப் பிள்ளை குட்டியே கிடையாது.

உப்புவெளி அக்கா:

அது சரி, அந்தப் பிழையான இரண்டாம் அன்டிபொடியை என்ன செய்தீர்கள்?

நிலாவெளிக்காரன்:

பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுத்தேன் அக்கா. அவருடையது ஐஜீஜி. முதல் நாளே பளிச்சென்று வந்தது.